ஃப்ளட்டரின் டியோ லைப்ரரி: டர்பன் நெட்வொர்க்கில் எவ்வளவு தாங்குகிறது?

ஒரே குறியீட்டில் ஆண்ட்ராய்டு, ஐபோன், வெப் மூன்றுக்கும் ஆப் எழுத ஃப்ளட்டரை எடுத்தவர்களுக்கு அடுத்து வரும் கேள்வி, சர்வரோடு பேச எதை வைத்துக்கொள்வது என்பதுதான். ஃப்ளட்டரின் மொழியான டார்ட்டின் குழுவே தரும் எச்.டி.டி.பி. பேக்கேஜ் ஒன்று. டியோ இன்னொன்று. டியோ இலவசம், எம்.ஐ.டி. உரிமம், சீனாவின் ஃப்ளட்டர் சமூகம் பராமரிக்கிறது. 2023-இல் வந்த 5-ஆம் பதிப்பு வரிசையைப் பற்றியதுதான் இந்த மதிப்புரை. வேகம், எழுதும் வசதி பற்றி இங்கே அதிகம் பேசப்போவதில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ இருக்கும் ஒரு வாடிக்கையாளரின் கையில் இணைப்பு அறுந்தால் டியோ அதை எப்படிச் சொல்கிறது, அதை வைத்து நாம் என்ன செய்ய முடியும் என்பதுதான் விஷயம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இணைப்பு எந்தக் கட்டத்தில் அறுந்தது என்பதை டியோ நன்றாகவே பிரித்துச் சொல்கிறது. மறுபடி அனுப்பலாமா கூடாதா என்பதற்கு அந்தக் கட்டம்தான் விடை. ஆனால் அந்த முடிவை டியோ எடுக்காது. கூடவே சேர்த்துப் போடும் ரீட்ரை (மறுமுயற்சி) பேக்கேஜ் எடுக்கும், பண விஷயத்தில் தவறாக எடுக்கும். அதனால் லைப்ரரிக்கு நல்ல மதிப்பெண்; அதைப் போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை.

டர்பனில் இணைப்பு அறுவதற்கு நாலைந்து வழக்கமான காரணங்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஆப்பில் வேறு முகத்தோடு வரும். 2022, 2023 ஆண்டுகளில் லோட் ஷெடிங் எனும் முறைவைத்த மின்வெட்டு ஆறாம் கட்டம் வரை போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2024 மார்ச் இறுதிக்குப் பிறகு அது வெகுவாகக் குறைந்தது, ஆனால் கேபிள் திருட்டாலும் டிரான்ஸ்ஃபார்மர் பழுதாலும் கரண்ட் போவது நின்றுவிடவில்லை. கரண்ட் போனதும் வீட்டு ரவுட்டர் அணையும், போன் வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்குத் தாவும், பாதி வழியில் இருந்த ரிக்வெஸ்ட் அந்தத் தாவலில் செத்துப்போகும். ரவுட்டருக்குச் சின்ன யு.பி.எஸ். வைத்திருக்கும் வீட்டில் கதை வேறு. வைஃபை முழுக் கோட்டோடு நிற்கும், தெருமுனை ஃபைபர் பெட்டியில் கரண்ட் இல்லாததால் ஒரு பாக்கெட்கூட வெளியே போகாது.

புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோவில் போல ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் கூடும்போது டவரில் நெரிசல். போனில் சிக்னல் முழுதாகத் தெரியும், ரிக்வெஸ்ட் மட்டும் பத்து நொடி, இருபது நொடி என்று இழுக்கும். பிரீபெய்ட் டேட்டா தீர்ந்தாலும் சிக்னல் கோடு அப்படியேதான் இருக்கும். சர்வர் ஐரோப்பாவில் இருந்தால் தூரமும் சேர்ந்துகொள்ளும். 2024 மார்ச் 14 அன்று ஐவரி கோஸ்ட் கடலோரத்தில் வாக்ஸ், மெயின்ஒன், ஏஸ், சாட்-3 ஆகிய நான்கு கடலடிக் கேபிள்களும் பழுதானபோது இங்கேயும் பல சேவைகள் தடுமாறின.

டியோவில் எந்தத் தோல்வியும் டியோஎக்ஸெப்ஷன் என்ற ஒரே பொருளாக வரும். அதற்குள் டைப் என்ற புலத்தில் எட்டு வகை: கனெக்ஷன்டைம்அவுட், சென்ட்டைம்அவுட், ரிசீவ்டைம்அவுட், பேட்சர்டிஃபிகேட், பேட்ரெஸ்பான்ஸ், கேன்சல், கனெக்ஷன்எரர், அன்னோன். ரியாக்ட் நேட்டிவில் இதே வேலைக்கு ஆக்ஸியோஸ் லைப்ரரியைப் பயன்படுத்தியவர்களுக்கு இதன் அருமை உடனே தெரியும். அங்கே டைம்அவுட் தவிர மற்றதெல்லாம் பெரும்பாலும் "நெட்வொர்க் எரர்" என்ற ஒரே வரியில் வந்து நிற்கும்.

இந்த எட்டில் அதிகம் கவனிக்க வேண்டியவை இரண்டு: கனெக்ஷன்எரர், அன்னோன்.

போனில் கனெக்ஷன்எரர் என்றால் சாக்கெட், அதாவது சர்வருக்கான இணைப்பு, திறக்கும்போதே தோற்றது என்று பொருள். உள்ளே எரர் என்ற புலத்தில் டார்ட்டின் சாக்கெட்எக்ஸெப்ஷன் இருக்கும், அதற்குள் இயங்குதளம் தந்த எண் இருக்கும். அந்த எண் ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் வேறு வேறு. சர்வர் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் ஆண்ட்ராய்டில் 7, ஐபோனில் 8. நெட்வொர்க்கே எட்டவில்லை என்றால் 101, 51. சர்வர் இருக்கிறது, ஆனால் அந்த போர்ட்டில் கேட்க ஆளில்லை என்றால் 111, 61. இந்த மூன்றிலும் உங்கள் ரிக்வெஸ்ட்டின் ஒரு எழுத்துகூடச் சர்வரைத் தொடவில்லை. ஆர்டராக இருந்தாலும் பணமாக இருந்தாலும் தயங்காமல் மறுபடி அனுப்பலாம்.

இணைப்பு திறந்தபின் அறுந்தவை சேரும் இடம் அன்னோன். வைஃபையிலிருந்து மொபைலுக்குத் தாவும்போது வரும் 103 அல்லது 53, எதிர்முனை வெட்டியதால் வரும் 104 அல்லது 54, "முழு ஹெடர் (பதிலின் தலைப்பகுதி) வருமுன் இணைப்பு மூடப்பட்டது" என்று சொல்லும் எச்.டி.டி.பி.எக்ஸெப்ஷன் எல்லாம் இங்கே கிடக்கும். சர்வரின் அடையாளத்தைக் காட்டும் சர்டிஃபிகேட்டின் சரிபார்ப்பில் தோற்ற ஹேண்ட்ஷேக்எக்ஸெப்ஷனும் இங்கேதான். பேட்சர்டிஃபிகேட் என்ற வகை, நீங்களே சர்டிஃபிகேட்டைச் சரிபார்க்கும் ஃபங்ஷன் கொடுத்து அது மறுத்தால் மட்டும் வருவது. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அன்னோன் வந்ததும் "ஏதோ தவறு நடந்தது" என்று காட்டிவிட்டுப் போகும் ஆப்கள் நிறைய உண்டு. நம் ஊர்க் கோளாறுகளில் பல அந்தப் பெட்டிக்குள் இருக்கும்போது அதைத் திறந்து பார்க்காமல் விடுவது வாடிக்கையாளருக்குச் செய்யும் அநியாயம்.

வெப்பில் இதே பெயர்களின் பொருள் மாறுகிறது. பிரவுசர் தன் எக்ஸ்.எம்.எல்.எச்.டி.டி.பி.ரிக்வெஸ்ட் வழியாக "தோற்றது" என்று மட்டும் சொல்லும், காரணம் சொல்லாது. அதை டியோ கனெக்ஷன்எரர் என்றே பதிகிறது. ரிக்வெஸ்ட் சர்வருக்குப் போய்ச் சேராததும், போய்ச் சேர்ந்து பதில் வரும் வழியில் அறுந்ததும், வேறு தளத்தோடு பேச பிரவுசர் கேட்கும் சி.ஓ.ஆர்.எஸ். அனுமதி இல்லாததும் அங்கே ஒரே வகை. ஆகவே போனில் "பத்திரமாக மறுபடி அனுப்பலாம்" என்று எழுதிய விதியை வெப்பில் அப்படியே ஓடவிட்டால் ஒரே ஆர்டர் இரண்டு முறை பதிவாகலாம். பல தளங்களுக்கு ஒரே குறியீடு என்று சொல்லிக்கொள்ளும் லைப்ரரியில் இது ஆவணத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய விஷயம். ஆப் வெப்பில் ஓடுகிறதா என்று சொல்லும் கேஐஎஸ்வெப் என்ற மாறிலியைப் பார்த்து வெப்புக்கு மட்டும் கனெக்ஷன்எரரைச் சந்தேகப் பட்டியலில் வையுங்கள். வெப்பில் இன்னொன்று: எவ்வளவு அனுப்பியாயிற்று என்று காட்ட ஆன்சென்ட்புரோகிரஸ் கொடுத்தால் பிரவுசர் முன்கூட்டியே ஒரு ஆப்ஷன்ஸ் ரிக்வெஸ்ட் அனுப்பும். சர்வர் அதற்குப் பதில் சொல்லத் தயாராக இல்லையென்றால் நேற்றுவரை ஓடிய அப்லோட், அந்தப் புரோகிரஸ் பாரைச் சேர்த்த அன்று நின்றுவிடும்.

டைம்அவுட் விஷயத்தில் டியோவின் இயல்பான அமைப்பு மோசம். நீங்கள் எதுவும் கொடுக்காவிட்டால் எந்த டைம்அவுட்டும் இல்லை. அப்போது இயங்குதளம் கைவிடும்வரை ஆப் காத்திருக்கும். லினக்ஸ் கெர்னலின் வழக்கமான ஆறு மறுமுயற்சி முடிய 127 நொடி ஆகும். இரண்டு நிமிடம் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஆப்பை மூடிவிட்டுத் திரும்பத் திறந்து திரும்ப அழுத்துவார்கள். இரட்டை ஆர்டர் அங்கேயே பிறக்கிறது.

எவ்வளவு வைக்கலாம்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டர்பனிலிருந்து லண்டன் போய்வர 150 மில்லிநொடிக்கு மேல். இணைப்பைத் திறக்கும் டி.சி.பி. ஒரு சுற்று, அதை மறையாக்கும் டி.எல்.எஸ். 1.3 ஒரு சுற்று, ரிக்வெஸ்ட்டும் பதிலும் ஒரு சுற்று. ஆக நல்ல ஃபைபரிலேயே அரை நொடி, அதோடு பெயர் தேடும் நேரம். சர்வரை ஜோகன்னஸ்பர்க்கிலோ கேப் டவுனிலோ வைத்தால் இது பெருமளவு குறையும். அசூருக்கு 2019 முதல் ஜோகன்னஸ்பர்க்கிலும், அமேசானுக்கு 2020 முதல் கேப் டவுனிலும் தரவு மையங்கள் உண்டு. நெரிசலான டவரில் பாக்கெட் தொலைந்து மறுபடி போகும் நேரத்தையும் சேர்த்தால் கனெக்ட்டைம்அவுட்டுக்கு 10 நொடி நியாயமானது. போனில் இந்த 10 நொடிக்குள் பெயர் தேடல், டி.சி.பி., டி.எல்.எஸ். மூன்றும் அடங்கும். ஐந்துக்குக் கீழே இறக்கினால் வேலை செய்திருக்க வேண்டிய இணைப்புகளையும் கொன்றுவிடுவீர்கள். யு.பி.எஸ்.-இல் ஓடும் ரவுட்டர் வீடுகளில் பெயர் தேடலே பதிலின்றித் தொங்குவதால், "பெயர் கிடைக்கவில்லை" என்ற எண் வருவதற்குமுன் கனெக்ஷன்டைம்அவுட் வந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ரிசீவ்டைம்அவுட்டைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது பதில் முழுவதும் வந்து முடிய வேண்டிய மொத்த நேரம் அல்ல. முதல் பைட் வரும்வரை ஒரு காத்திருப்பு, அதன்பின் ஒவ்வொரு துண்டுக்கும் இடையே ஒரு காத்திருப்பு. 20 நொடி வைத்திருந்தாலும், பத்து நொடிக்கு ஒரு துண்டாகச் சொட்டும் இணைப்பில் டவுன்லோட் மணிக்கணக்கில் ஓடலாம். மொத்தக் கெடு வேண்டுமென்றால் ரிக்வெஸ்ட்டை நிறுத்த உதவும் கேன்சல்டோக்கன் ஒன்றை அதோடு கொடுத்து, 45 நொடிக்கு ஒரு டைமர் வைத்து, அது அடித்ததும் டோக்கனைக் கேன்சல் செய்யுங்கள். டார்ட்டின் ஃபியூச்சர் (பின்னர் வரப்போகும் பதில்) மீது டைம்அவுட் போடுவது போதாது. அது காத்திருப்பதை மட்டும் நிறுத்தும், பின்னால் ரிக்வெஸ்ட் ஓடிக்கொண்டே டேட்டாவைத் தின்னும். ஒருமுறை கேன்சல் ஆன டோக்கனை அடுத்த ரிக்வெஸ்ட்டுக்குக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் அதுவும் அக்கணமே கேன்சல் ஆகும்.

சென்ட்டைம்அவுட் இதற்கு நேர்மாறு: போனில் அது அனுப்பும் வேலை முழுவதற்குமான மொத்த நேரம். 2 எம்.பி. புகைப்படம் என்றால் 16 மெகாபிட். மேலேற்றம் விநாடிக்கு 256 கிலோபிட்தான் கிடைக்கிறது என்றால் 62 நொடி வேண்டும். 30 நொடி வைத்த ஆப்பில் அந்தப் படம் என்றைக்கும் ஏறாது, ஒவ்வொரு முயற்சியும் பாதியில் செத்து டேட்டாவை மட்டும் வீணாக்கும். சிறிய ஜேசன் (எழுத்து வடிவத் தரவு) ரிக்வெஸ்ட்டுக்குப் பொதுவாக 15 நொடி வைத்துவிட்டு, படம் அனுப்பும் ரிக்வெஸ்ட்டுக்கு மட்டும் ஆப்ஷன்ஸில் 120 நொடி என்று தனியாகக் கொடுங்கள். படத்தை அனுப்புமுன் நீளம் 1600 பிக்சலுக்குச் சுருக்குவது இதைவிட நல்லது.

இனி மறுமுயற்சி. டியோவில் அது உள்ளடங்கியதல்ல, டியோ ஸ்மார்ட் ரீட்ரை என்ற தனிப் பேக்கேஜைத்தான் பெரும்பாலும் சேர்க்கிறார்கள். ரிக்வெஸ்ட்டும் பதிலும் போகும் வழியில் நின்று பார்க்கும் இன்டர்செப்டராகச் சேர்த்தால் மூன்று முறை முயலும், இடைவெளி 1, 3, 5 நொடி. 408, 429, 502, 503, 504 போன்ற நிலை எண்களையும் டைம்அவுட்களையும் மறுபடி முயலும், கேன்சலை விட்டுவிடும். பட்டியல் நல்ல பட்டியல்தான். குறை இரண்டு.

முதல் குறை, அது தரவைக் கேட்டு வாங்கும் கெட்டா, புதிதாக ஒன்றைப் பதியும் போஸ்டா என்று பார்ப்பதில்லை. போஸ்ட் அனுப்பி ரிசீவ்டைம்அவுட் வந்தால் சர்வர் வேலையை முடித்திருக்கலாம், பதில் மட்டும் தொலைந்திருக்கலாம். அந்த நிலையில் இன்டர்செப்டர் மறுபடி அனுப்பினால் 450 ரேண்டு இரண்டு முறை எடுக்கப்படும். எச்.டி.டி.பி. விதிப்படி கெட், புட், டெலீட் ஆகியவற்றைத் திரும்ப அனுப்பினாலும் விளைவு ஒன்றே. போஸ்ட்டுக்கு அந்த உறுதி கிடையாது. எனவே ரீட்ரைஎவால்யுவேட்டர் என்ற இடத்தில் உங்கள் சொந்த ஃபங்ஷனைக் கொடுங்கள். அதில் இவ்வளவு போதும்: கெட் என்றால் எப்போதும் முயல், போஸ்ட் என்றால் வெப் அல்லாத தளத்தில் வரும் கனெக்ஷன்டைம்அவுட்டுக்கும் கனெக்ஷன்எரருக்கும் மட்டும் முயல், சென்ட்டைம்அவுட், ரிசீவ்டைம்அவுட், அன்னோன் என்றால் ஐடெம்பொடென்சி சாவி (இது அதே ஆர்டர்தான் என்று சர்வருக்குக் காட்டும் அடையாளம்) ஹெடரில் இருந்தால் மட்டும் முயல்.

அந்தச் சாவியைச் செய்யும் இடம் முக்கியம். வாடிக்கையாளர் பட்டனை அழுத்திய கணத்தில் யு.யு.ஐ.டி. எனும் தனித்த அடையாளம் ஒன்றை உருவாக்கி, ஆர்டரோடு சேர்த்துப் போனின் எஸ்.க்யூ.லைட் அட்டவணையில் எழுதிவிட்டு, அதன்பிறகே அனுப்ப வேண்டும். இன்டர்செப்டருக்குள் உருவாக்கினால் ஒவ்வொரு முயற்சிக்கும் புதிய சாவி போகும், சர்வரும் ஒவ்வொன்றையும் புதிய ஆர்டராக எடுக்கும். சர்வர் பக்கம் அட்டவணையில் அந்தச் சாவிக்கான நெடுவரிசைக்கு, ஒரே சாவி இருமுறை பதியாதபடி யூனிக் கட்டுப்பாடு போட்டு, அதே சாவி மறுபடி வந்தால் முதல் பதிலையே திருப்பித் தரச் செய்யுங்கள். பதில் வந்தபின்தான் அட்டவணையிலிருந்து வரியை எடுக்க வேண்டும். ஆப்பை மூடினாலும் போன் அணைந்தாலும் ஆர்டர் தொலையாது, இரட்டிக்காது.

இரண்டாவது குறை, இடைவெளி எல்லாப் போனுக்கும் ஒன்றே. கரண்ட் திரும்பும்போது ஒரு பகுதி முழுக்க ரவுட்டர்கள் ஒரே நேரத்தில் உயிர் பெறும். எல்லா ஆப்பும் 1, 3, 5 நொடி என்று ஒரே தாளத்தில் கதவைத் தட்டினால் சின்ன சர்வர் விழுந்துவிடும், விழுந்ததால் 503 (சேவை இல்லை) வரும், 503 வந்ததால் மறுபடி தட்டுவார்கள். இடைவெளிகளில் தற்செயல் நேரம் கலக்க வேண்டும். 0 முதல் 2 நொடி, 0 முதல் 4, 0 முதல் 8 என்று வரம்பை இரட்டித்து அதற்குள் ஒரு எண்ணை எடுத்தால் போதும். எவ்வளவு நேரம் கழித்து வரலாம் என்று சொல்லும் ரீட்ரை-ஆஃப்டர் ஹெடரைச் சர்வர் தந்தால் அதற்குத்தான் முதல் மரியாதை.

படம் அனுப்பும் ரிக்வெஸ்ட்டில் தனி வில்லங்கம் ஒன்று உண்டு. படத்தைச் சுமக்கும் ஃபார்ம்டேட்டா என்ற பொருள் ஒருமுறைதான் ஓடும். முதல் முயற்சி தோற்று அதே பொருளை மறுபடி அனுப்பினால், நெட்வொர்க் சரியாக இருந்தாலும் "ஏற்கெனவே முடிக்கப்பட்டது" என்ற ஸ்டேட்எரர் வரும். மறுமுயற்சிக்கு முன் குளோன் செய்து ரிக்வெஸ்ட்டின் டேட்டாவில் வைக்க வேண்டும். நல்ல வைஃபையில் முதல் முயற்சியே ஜெயித்துவிடுவதால் அலுவலகச் சோதனையில் இது தலைகாட்டாது. டவரில்லாத இடத்தில்தான் வரும்.

லாகின் டோக்கனைப் புதுப்பிக்க ரிக்வெஸ்ட்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் விடும் க்யூட்இன்டர்செப்டர் எழுதுகிறவர்கள், புதுப்பிக்கும் ரிக்வெஸ்ட்டை அதே டியோவிலேயே அனுப்பினால் அது தன் முறைக்காகத் தன் பின்னாலேயே வரிசையில் நிற்கும். பிழை வராது, டைம்அவுட் வராது, திரை மட்டும் உறையும். புதுப்பிப்பதற்கென்று இன்டர்செப்டர் இல்லாத இன்னொரு டியோ வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பிப்பு கனெக்ஷன்எரரால் தோற்றால் வாடிக்கையாளரை லாகின் பக்கத்துக்குத் துரத்தாதீர்கள். அனுமதி மறுப்பைச் சொல்லும் 401 அல்லது 403 வந்தால் மட்டுமே டோக்கன் செத்தது என்று அர்த்தம்.

இணையம் இருக்கிறதா என்று பார்க்க கனெக்டிவிட்டி பிளஸ் பேக்கேஜைச் சேர்ப்பவர்கள் அது சொல்வதன் எல்லையைத் தெரிந்துகொள்ள வேண்டும். வைஃபையோ மொபைலோ இணைந்திருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். யு.பி.எஸ். ரவுட்டர், தீர்ந்த டேட்டா, மாலில் லாகின் பக்கம் கேட்கும் இலவச வைஃபை, மூன்றிலும் "இணைப்பு உண்டு" என்றே சொல்லும். அதன் 6-ஆம் பதிப்பிலிருந்து பதில் ஒற்றை மதிப்பல்ல, பட்டியல். பழைய ஒப்பீட்டுக் குறியீட்டை மாற்ற வேண்டும். அது தரும் மாற்றச் செய்தியை "இப்போது முயன்று பார்" என்ற சமிக்ஞையாக மட்டும் எடுத்து, உங்கள் சர்வரின் ஒரு சிறு முகவரிக்கு 5 நொடிக் கெடுவோடு ஹெட் ரிக்வெஸ்ட் அனுப்பிப் பார்த்துவிட்டு வரிசையில் உள்ள ஆர்டர்களை விடுவியுங்கள்.

மால் வைஃபை இன்னொரு விதத்திலும் படுத்தும். எச்.டி.டி.பி.எஸ். இல்லாத முகவரிக்குப் போனால் லாகின் பக்கத்தின் எச்.டி.எம்.எல். 200 என்ற நல்ல எண்ணோடு திரும்பி வரும். டியோவுக்கு அது வெற்றி. ஆனால் டேட்டாவில் மேப் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்ட்ரிங் இருக்கும், டைப் பொருந்தாமல் பிழை கிளம்பும். பதிலின் கன்டென்ட்-டைப் ஜேசன்தானா என்று பார்க்கும் நாலு வரி இன்டர்செப்டர் ஒன்றைச் சேர்த்து, இல்லையென்றால் "இந்த வைஃபையில் முதலில் லாகின் செய்ய வேண்டும்" என்று சொல்லுங்கள்.

பழைய போன்கள் இங்கே இன்னும் நிறையப் புழங்குகின்றன. ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தையவை இலவசச் சர்டிஃபிகேட் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட்டின் ஐ.எஸ்.ஆர்.ஜி. ரூட் எக்ஸ்1 சர்டிஃபிகேட்டை அறியாது. உங்கள் சர்வர் அதை நம்பியிருந்தால் ஹேண்ட்ஷேக்எக்ஸெப்ஷன் வரும், வகை அன்னோன். தீர்வு: அந்த ரூட் சர்டிஃபிகேட்டின் பெம் கோப்பை ஆப்பின் அசெட்ஸில் வைத்து, மெயின் ஃபங்ஷனில் முதல் வேலையாக செக்யூரிட்டிகான்டெக்ஸ்ட்டில் நம்பகமானதாகச் சேர்ப்பது. பேட்சர்டிஃபிகேட்கால்பேக்கில் "எல்லாம் சரி" என்று ட்ரூ திருப்பும் வழியைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். அதைச் செய்தால் இலவச வைஃபையில் நடுவில் உட்கார்ந்திருக்கும் எவரும் உங்கள் வாடிக்கையாளரின் கடவுச்சொல்லைப் படிக்கலாம். ஒருபோதும் வேண்டாம். பேட்டரி முழுதாக இறங்கி தேதி பின்னால் போன போனிலும் இதே பிழை வரும், செய்தியில் "போனின் தேதியைச் சரிபாருங்கள்" என்று ஒரு வரி சேர்ப்பது உதவும்.

இணைப்பை மறுபயன்பாடு செய்வதில் டியோ கவனமாக இருக்கிறது. தானே உருவாக்கும் கிளையன்ட்டில் சும்மா நிற்கும் இணைப்பை 3 நொடியில் மூடிவிடுகிறது. நீங்களே கிரியேட்எச்.டி.டி.பி.கிளையன்ட்டில் ஒன்றைச் செய்து கொடுத்தால் டார்ட்டின் வழக்கமான 15 நொடி வந்துவிடும். நோட்.ஜே.எஸ். சர்வர்கள் வழக்கமாக 5 நொடியில் மூடுகின்றன. சர்வர் மூடிய இணைப்பில் ஆப் எழுதும்போதுதான் அந்த "முழு ஹெடர் வருமுன் மூடப்பட்டது" அவ்வப்போது, காரணம் புரியாமல் வரும். ஐடில்டைம்அவுட்டைச் சர்வருடையதைவிடக் குறைவாக வையுங்கள்.

நேட்டிவ் டியோ அடாப்டர் என்ற துணைப் பேக்கேஜ், டார்ட் சாக்கெட்டுக்குப் பதில் ஆண்ட்ராய்டில் குரோம் பிரவுசரின் நெட்வொர்க் அடுக்கான குரோநெட்டையும் ஐபோனில் ஆப்பிளின் சொந்த நெட்வொர்க் அடுக்கையும் பயன்படுத்தும். நெரிசலில் எச்.டி.டி.பி./3 நல்ல பலன் தரும், அலுவலகப் பிராக்ஸியையும் மதிக்கும். ஆனால் பிழைகள் வேறு வகைப் பொருள்களாக வரும், மேலே சொன்ன 7, 104 போன்ற எண்களை நம்பி எழுதியது பொருந்தாது. குரோநெட் வழக்கமாக கூகுள் பிளே சர்வீசஸிலிருந்து வருவது. அது இல்லாத ஹுவாவே போன்களுக்காக பில்ட் செய்யும்போது குரோநெட்எச்.டி.டி.பி.நோபிளே என்ற டார்ட் டிஃபைனை ட்ரூ ஆக்கினால் குரோநெட் ஆப்புக்குள்ளேயே சேரும், ஆப்பின் அளவும் கூடும்.

டியோமேல் பழி விழும், ஆனால் அதன் குற்றமல்லாத ஒன்று: கணினியிலிருந்து சோதிக்கும்போது ஓடும், வெளியிடும் ரிலீஸ் பில்டில் எல்லா ரிக்வெஸ்ட்டும் எண் 7-உடன் தோற்கும். ஃப்ளட்டர் உருவாக்கும் புராஜெக்ட்டில் இன்டர்நெட் அனுமதி, சோதனைக்கான டீபக், புரொஃபைல் மேனிஃபெஸ்ட்களில் (ஆப்பின் அனுமதிகளை எழுதும் கோப்புகளில்) மட்டுமே இருக்கும். மெயின் மேனிஃபெஸ்ட்டில் நீங்கள்தான் சேர்க்க வேண்டும். எமுலேட்டரில் (கணினிக்குள் ஓடும் போலிப் போனில்) எண் 111 வந்தால் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதியிருக்கிறீர்களா பாருங்கள். எமுலேட்டரிலிருந்து உங்கள் கணினிக்கான முகவரி 10.0.2.2.

சோதனைக்கு ஏரோபிளேன் மோட் மட்டும் போதாது, அது ஒரே வகைப் பிழையைத்தான் காட்டும். ஒவ்வொரு வகையையும் வேண்டியபோது வரவழைக்க முடியும். டாட் இன்வாலிட் என்று முடியும் பெயருக்கு ரிக்வெஸ்ட் அனுப்பினால் பெயர் தேடல் தோற்கும். 10.255.255.1 போல யாரும் இல்லாத முகவரிக்கு அனுப்பினால் கனெக்ஷன்டைம்அவுட். நெட்கேட் என்ற சிறு கருவியை ஒரு போர்ட்டில் கேட்க விட்டு எதுவும் டைப் செய்யாமல் இருந்தால் ரிசீவ்டைம்அவுட். பாதியில் கன்ட்ரோல்-சி அழுத்தினால் அன்னோன். நெரிசலைப் போலச் செய்ய லினக்ஸில் நெட்எம் என்ற கருவியை வைத்து 300 மில்லிநொடித் தாமதமும் 5 சதவீத இழப்பும் கொடுங்கள், ஐபோனில் நெட்வொர்க் லிங்க் கண்டிஷனர் உண்டு. வைஃபையில் படம் ஏறிக்கொண்டிருக்கும்போது ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்குவது இந்த ஊருக்கு மிக அவசியமான சோதனை. படம் ஒருமுறை மட்டும் சர்வரில் இருக்க வேண்டும், ஆப் கையால் தொடாமலே மீள வேண்டும்.

திரையில் காட்டும் வார்த்தைக்கும் டியோவின் வகைகள் பயன்படும். கனெக்ஷன்எரருக்கு: "இணைப்பு இல்லை. உங்கள் ஆர்டர் போனில் பத்திரமாக இருக்கிறது, இணைப்பு வந்ததும் தானாகப் போகும்." ரிசீவ்டைம்அவுட்டுக்கு: "ஆர்டர் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கிறோம், மறுபடி அழுத்த வேண்டாம்." 500-க்கு மேல்: "கோளாறு எங்கள் பக்கம், உங்கள் டேட்டாவில் குறையில்லை." கடைசிச் செய்தி முக்கியம். இல்லாவிட்டால் மக்கள் காசு கொடுத்து இன்னொரு டேட்டா பண்டில் வாங்கிவிடுவார்கள்.

ரிக்வெஸ்ட்களைப் பதிவுசெய்யும் லாக்இன்டர்செப்டரைச் சேர்ப்பதானால் எல்லா இன்டர்செப்டருக்கும் கடைசியில் சேருங்கள், இல்லையேல் மற்றவை மாற்றிய ஹெடர்கள் அதில் தெரியாது. டீபக் பில்டோடு நிறுத்திவிடுங்கள். அது ஆத்தரைசேஷன் ஹெடரையும், கேட்டால் பெயர், முகவரி உட்பட முழு பாடியையும் அச்சிடும். 2021 ஜூலை 1 முதல் போப்பியா எனும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் முழுமையாக அமலில் இருக்கும் நாட்டில் அப்படி ஒரு லாக் வெளியே கசிந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். பிழையின் வகை, உள்ளே உள்ள எண், எந்த முகவரி, எத்தனையாவது முயற்சி, வைஃபையா மொபைலா: ரிலீஸில் இந்த ஐந்தைப் பதிந்தால் கோளாறைக் கண்டுபிடிக்கப் போதும்.

4-ஆம் பதிப்பிலிருந்து வருகிறவர்களுக்கு: டைம்அவுட்கள் மில்லிநொடி எண்ணிலிருந்து டியூரேஷனாக மாறிவிட்டன, அதர் என்பது அன்னோன் ஆனது, 5.2-இல் டியோஎரர் என்ற பெயர் டியோஎக்ஸெப்ஷன் ஆனது. கம்பைலர் பெரும்பாலும் பிடித்துக்கொடுத்துவிடும். அது பிடிக்காதது ஒன்று: முன்பு சாக்கெட் பிழைகளை அதர் என்று பிடித்து மறுபடி அனுப்பிய உங்கள் பழைய விதி. பெயரை மட்டும் அன்னோன் என்று மாற்றினால் பத்திரமானவை விடுபட்டு, சந்தேகத்துக்குரியவை மட்டும் மறுபடி போகும். அந்த ஃபங்ஷனைப் புதிதாகவே எழுதுங்கள். மாதம் சில கெட் ரிக்வெஸ்ட் மட்டும் போடும் சின்ன ஆப்புக்கு இவ்வளவு தேவையில்லை, டார்ட்டின் எச்.டி.டி.பி. பேக்கேஜும் ஒரு டைம்அவுட்டும் போதும். ஆர்டர், பணம், படம் மூன்றில் ஒன்று இருந்தாலும் டியோவை எடுங்கள்.